யார் பேச்சும் கேட்காத கல்யாணம்

சுழல்பட்டிக்குச் சுதந்திரம் வந்தது ஒரு சந்தை நாளில். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் சந்தைமேட்டில் ஏறி நின்று, "யாரும் யாரையும் ஏவக் கூடாது. யார் ஏவலுக்கும் யாரும் பணியக் கூடாது. அவரவர் மனசாரக் கூடி வேலை செய்தால் உலகத்தில் அதிகாரமே வேண்டாம்!" என்று தொண்டை வறளப் பேசினார். ஊரே கைதட்டியது. பேசி முடித்தவர், "கொஞ்சம் தண்ணி கொடுங்கப்பா" என்றார்.

"கொடுன்னு ஏவுறாரே" என்றான் குருவன். ஊர் அதை ஒப்புக்கொண்டது. பாவம், மனிதர் விக்கிக்கொண்டே பஸ் ஏறினார்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் சென்னியப்பன். அடுத்த வாரமே அவனுக்குக் கல்யாணம். பெண் மேட்டுத்துறைப் பாவாயி. ஒருமுறை சந்தையில் அவன் பூசணிக்காயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இதற்குக் காம்பே இல்லையே என்று தேடியபோது எல்லோரும் கேலி செய்தார்கள். அவள் மட்டும் காயைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் போன மனசு இன்னும் அவனிடம் திரும்பவில்லை. பெண்ணின் அப்பா வேலப்பன் மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். "முகூர்த்தம் தவறிச்சுன்னா, என் அக்கா மகனுக்குக் கட்டி வெச்சிருவேன். அவன் தயாரா இருக்கான்."

கல்யாணத்தன்று விடியலில் சென்னியப்பன், தாய்மாமன் நல்லான், சிநேகிதர்கள் குருவன், ஓமலன் எல்லோரும் கிளம்பினார்கள். மேட்டுத்துறை இதே கரையில்தான், ஆற்றுக்கு எதிர்ப்போக்கில் இருக்கிறது. நல்ல பாதையும் இருக்கிறது. நல்லான் பாதையை முறைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இந்தப் பாதை இப்படித்தான் போகணும், இங்கதான் திரும்பணும்னு நம்மள ஏவுது."

"ஆத்துல அப்படி இல்லீங்க மாமா. எந்தப் பக்கம் வேணா போலாம். துடுப்பு நான் மனசாரப் போடுறேன்" என்றான் ஓமலன்.

அதனால் பரிசலில் ஏறினார்கள். ஆளுக்கொரு துடுப்பு, ஆளுக்கொரு திசை. நல்லான் கிழக்கே தள்ளினார், அவருக்கு அது பிடித்திருந்தது. குருவன் மேற்கே தள்ளினான். ஓமலன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து வானத்தைத் துழாவினான். பரிசல் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. "எல்லாரும் ஒரே பக்கம் தள்ளுங்க" என்ற வார்த்தை சென்னியப்பன் நாக்கு நுனிவரை வந்தது. ஏவக் கூடாதே! விழுங்கிவிட்டு அழுதான்.

சுற்றிச் சுற்றிப் பரிசல் கீழ்ப்பக்கம் நழுவ ஆரம்பித்தது. நல்லான் துடுப்பை ஓங்கினார்.

"பார்த்தீங்களா! இந்த ஆறு நம்மள இழுக்குது. இது யாரு நம்மள இழுக்க?"

அவ்வளவுதான், எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஆற்றுக்குப் பணிவதா என்று மூச்சு வாங்க எதிர்த்துத் துடுப்புப் போட்டார்கள். பரிசல் நேராக மேட்டுத்துறையில் போய் முட்டியது. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சென்னியப்பனுக்கு உயிர் வந்தது.

வேலப்பன் கைகூப்பி, "வாங்க, வாங்க!" என்றார். உடனே நாலு பேரும் திரும்பிப் பரிசலை நோக்கி நடந்தார்கள். சென்னியப்பன் கால் ஆற்றுப் பக்கம், கழுத்து பந்தல் பக்கம். நல்லவேளை, சமையல்காரர் ஒருவர் அவர்கள் காலைப் பார்த்துவிட்டு, "செருப்போட உள்ள வராதீங்க!" என்று கத்தினார். நாலு பேரும் கம்பீரமாகத் திரும்பி, செருப்போடு பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

தட்டி மறைவிலிருந்து இதையெல்லாம் பாவாயி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, யோசித்தாள்.

மேளம் முழங்கியது. பூசாரி தாலியைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். "கட்டுப்பா."

சென்னியப்பன் கை அப்படியே நின்றது.

"ஏம்பா, கட்டலியா?"

"கட்டத்தானுங்க வந்தேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் கட்டியிருப்பேன்."

"என் மாப்ள ஏவலுக்குக் கட்ட மாட்டான்" என்றார் நல்லான். "மனசாரத்தான் கட்டுவான்."

"சரி, மனசாரக் கட்டு!"

"பாருங்க, அதையும் ஏவுறாரு" என்றான் குருவன்.

வேலப்பனுக்கு முகம் சிவந்தது. அக்கா மகன் பக்கம் திரும்பினார். அவன் எண்ணெய் வழியும் தலையை இன்னொரு முறை வாரிக்கொண்டு எழுந்தான். சென்னியப்பன் கையில் தாலி, கண்ணில் தண்ணீர். உலகத்தில் அவன் மனசார ஆசைப்பட்ட ஒரே காரியத்தை இந்தப் பூசாரி ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டாரே!

அப்போது பாவாயி குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

"கட்டாதீங்க."

அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நிசமாவா பாவாயி?" என்றான் சென்னியப்பன்.

"என் கழுத்துல தாலி ஏறவே கூடாது. இது என் உத்தரவு."

"உத்தரவா?" நல்லான் மீசையைத் தடவினார். "மாப்ள, இந்தப் பொண்ணு உன்னை ஏவுது. விடாதே."

"கட்டினா பூசாரிக்குப் பணிஞ்சதா ஆகும், கட்டாட்டி பொண்ணுக்குப் பணிஞ்சதா ஆகும்" என்று குருவன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஓமலன் வெகுநேரம் யோசித்தான். "கடைசியா ஏவினது யாரோ, அவங்களைத்தான் மீறணும்."

"அப்படின்னா நான் சொல்றேன், கட்..." என்று பூசாரி வாயைத் திறந்தார். பாவாயி தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அவர் வாயில் திணித்துவிட்டு, "கட்டாதீங்க, கட்டாதீங்க!" என்று கத்தினாள்.

"யார் பேச்சும் கேக்க மாட்டேன்!" என்று முழங்கிக்கொண்டே சென்னியப்பன் தாலியைக் கட்டினான். அக்கா மகன் உட்கார்ந்துவிட்டான்.

விருந்து முடிந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு பரிசலில் ஏறினார்கள். இப்போது ஆறு போகிற பக்கம்தான் சுழல்பட்டி. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். ஆனால் ஆறு இழுக்கிறதே! நாலு பேரும் எதிர்த்துத் துடுப்புப் போட்டார்கள். சுழல்பட்டி தூரத் தூரப் போனது.

"யாரும் வீட்டுக்குப் போகாதீங்க!" என்றாள் பாவாயி.

துடுப்புகள் நின்றன. பரிசல் நழுவாமல் நாலு பேரும் கரையோரத்து நாணலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு போகச் சொல்கிறது, பாவாயி போகாதே என்கிறாள். யாரை மீறுவது? வெயில் சாயும்வரை விவாதம் நடந்தது. இரண்டு பேரையும் மீறினால்தான் மரியாதை என்று முடிவானது. வீட்டுக்குப் போவார்கள், ஆனால் ஆற்று வழியாகப் போக மாட்டார்கள். பரிசலைக் கரையில் இழுத்துப் போட்டார்கள்.

"எனக்குக் கால் வலிக்கலை" என்றாள் பாவாயி. "என்னைப் பரிசல்ல வெச்சுத் தூக்கிட்டுப் போயிடாதீங்க."

மூன்று பேர் பரிசலைத் தலையில் ஏற்றினார்கள். பரிசலுக்குள் பாவாயி சம்மணமிட்டு உட்கார்ந்து, தாம்பாளத்தில் மிஞ்சிய வாழைப்பழத்தைத் தின்றாள். பாதை ஏவும் என்பதால் பாதைக்குப் பக்கத்து முள்ளில் நடந்தார்கள்.

"பார்த்தியா பாவாயி, எங்க ஊருல எங்களை யாரும் ஏவ முடியாது" என்றான் சென்னியப்பன், பெருமை தாங்காமல்.

ஓமலன் மட்டும் பரிசலைத் தூக்கவில்லை. துடுப்புப் போடுவதாகக் காலையில் மனசார ஒப்புக்கொண்டவன் அவன். அதனால் பின்னாலேயே காற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான்.