எழுந்த சாமிக்கு ஒரு பள்ளியெழுச்சி

குரு, சிஷ்யன் கதைன்னதுமே, குரு மரத்தடியில கண்ணை மூடி லேசா சிரிச்சிட்டு உக்காந்திருப்பாரு, சிஷ்யன் கையைக் கட்டிட்டு நிப்பான்னு நினைச்சிருப்பீங்க. அதுக்கு வேற இடம் பாருங்க. இங்க குரு அடிகள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

"நாளையிலேர்ந்து நீ பாடக் கூடாது!"

அம்பலவாணனுக்குக் காதெல்லாம் சுட்டுது. ஆறு வருஷமா மார்கழியில மடத்துக் கோயில்ல திருப்பள்ளியெழுச்சி பாடறவன். அந்த ஒரு மாசத்துக்காகவே மத்த பதினோரு மாசத்தையும் தள்ளறவன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் ஐயா?"

"இன்னைக்கு நீ வந்தது லேட்டு. அதுக்குள்ள குருக்கள் சன்னதியைத் திறந்து தீபமே காட்டிட்டாரு. அப்புறம் நீ என்ன பண்ணே?"

"திரையை இழுத்து விடச் சொன்னேன். பாடி முடிச்சேன். மறுபடி திறந்தாங்க."

"எழுந்த சாமியைப் படுக்க வெச்சிருக்கே!"

"பின்னே? பள்ளின்னா படுக்கை. எழுச்சின்னா எழுந்திருக்கறது. முழிச்சிருக்கற சாமிகிட்டப் போய்ப் பாடினா அந்த வார்த்தைக்கு என்னய்யா அர்த்தம்?"

"ஓ! எனக்கே அர்த்தம் சொல்றியா? அது எங்கேர்ந்து வந்துச்சு, அதையும் சொல்லிடு."

"ராஜா வாசல்லேர்ந்து. விடியக்காலையில ராஜாவை எழுப்பப் பாடுவாங்க. அடியாருங்க அதை சாமி வாசலுக்குக் கொண்டு வந்தாங்க."

"அந்த ராஜா வாசல் பாட்டுக்காரன் ஒருநாள் லேட்டா வரான்னு வெச்சுக்கோ." அடிகள் முதுகை வளைச்சு, குரலைக் குழைச்சு, கும்பிட்டார். "'மகாராஜா, ஒரு நிமிஷம் திரும்பப் படுத்துக்கறீங்களா? நான் பாடணும்.' இப்படிக் கேப்பானா? கேட்டா கழுத்துல தலை இருக்குமா? மனுஷன்கிட்ட இருக்கற பயம்கூட உனக்கு சாமிகிட்ட இல்லையாடா?"

அம்பலவாணன் வாயைத் திறந்தான். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பல்லைக் கடிச்சு முழுங்கிட்டான்.

அபிஷேகப் பால் கொண்டு வந்த தங்கப்பொண்ணு, தூக்கை இறக்கி வைக்காமலே இவ்வளவையும் கேட்டுட்டு நின்னா. அவளுக்குத் தாங்கலை.

"ஏனுங்கய்யா, போன வருஷம் மந்திரி ஒரு மணி நேரம் கழிச்சு வந்தப்போ, 'திரையைப் போடு, அவர் கேக்கணும், மறுபடி பாடு'ன்னது நீங்கதானே? மாட்டேன்னு அழுத இந்தப் பிள்ளையை அதட்டிப் பாட வெச்சதும் நீங்கதானே?"