ஹால் சென்சாருக்குள் இருந்த ஆள்

தில்லைவடிவு வீட்டுத் திருட்டு அலாரம் அந்த வாரத்தில் மட்டும் பதினோரு தடவை அலறியது. திருடன் ஒரு தடவைகூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியநாதன் சார்தான் பதினோரு தடவையும் ஓடி வந்தார்.

தில்லைவடிவு தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் தனியாக இருந்தாள். ஓசூரில் மகளுக்குப் பேறுகாலம். அன்று சாயங்காலம் ரயில் ஏற வேண்டும். சாவியை வாங்கிக்கொள்ள வேண்டிய பாக்கியநாதனோ கறாராகச் சொல்லிவிட்டார்: "நீங்க ஊர்ல இல்லாதப்ப இது கத்துச்சுன்னா ஒயரைப் பிடுங்கிருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அதனால்தான் காலையிலேயே மெக்கானிக் ஆறுமுகநயினாரை வரவழைத்திருந்தாள். நயினார் ஏணியும் பையுமாக வந்தார். பேட்டரியைப் பார்த்தார். வாசல் கதவிலிருந்த காந்தத்தைத் தட்டிப் பார்த்தார். இரண்டிலும் குறை இல்லை.

"மூணு ரூம்லயும் ஆள் நடமாடுனா கத்துற சென்சார் ஒண்ணொண்ணு இருக்குக்கா. மூணுல ஒண்ணு பொய் சொல்லுது. ஒண்ணு ஒண்ணா போட்டுட்டு, எல்லாரும் வெளிய உக்காந்து பாப்போம்."

முதலில் படுக்கையறை சென்சாரை மட்டும் போட்டார். பாக்கியநாதனும் வந்து சேர்ந்துகொள்ள, மூவரும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கார் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த உடனே நயினார் ஆரம்பித்துவிட்டார்.

"எனக்குச் சத்தமே போதும்க்கா. போன வருசம் தென்காசியில ஒரு வீடு. போன்ல கூப்பிடுதாவ. பின்னால அலாரம் அலறுது. நான் பஸ்ல போய்க்கிட்டிருக்கேன். கேட்ட உடனே சொல்லிட்டேன், 'தெக்கு ரூம், ரெண்டாவது ஜன்னல், இடது கீல், ஒரு ஸ்க்ரூ லூஸு'ன்னு. முறுக்கினாவ. நின்னுட்டு."

"போன்லயேவா?" என்றார் பாக்கியநாதன்.

"அதுலயும் போன்ல சார்ஜ் இல்ல சார். அணைஞ்சு போயி அரைமணி நேரம் ஆயிருந்துச்சு."

பாக்கியநாதன் தில்லைவடிவைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆகியும் சத்தம் இல்லை. நயினார் உள்ளே போய், சமையல்கட்டு சென்சாரைப் போட்டுவிட்டு வந்தார்.

"சமையல்கட்டுன்னதும் ஞாபகம் வருது. கோவில்பட்டியில ஒரு மிட்டாய்க் கம்பெனி. எறும்பு வந்தாக்கூட அலாரம் அடிக்குன்னு புலம்புனாவ. நான் ஒரு திருகு திருகினேன். இப்ப உள்ள வார எறும்பை விட்டுரும். சீனியைத் தூக்கிட்டு வெளிய போற எறும்பைத்தான் பிடிக்கும்."

"சீனிக்கு மட்டுந்தானா?"

"வெல்லத்துக்குத் தனி செட்டிங் சார்."

தில்லைவடிவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சாயங்கால ரயில் நினைவுக்கு வந்தது. "தம்பி, என் வீட்டுக்கு ஒரு செட்டிங்கும் கிடையாதா?"

"இருங்கக்கா, அவசரப்படாதீய." சமையல்கட்டிலும் சத்தம் இல்லை. ஹால் சென்சாரைப் போட்டார். அடுத்த கதைக்கு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"தூத்துக்குடியில ஒரு டாக்டர் வீடு. பகல் பன்னெண்டு மணிக்கு அலாரம் அடிக்குது. ஆள் அரவமே இல்ல. பொய் அலாரம்னுட்டாவ. நான் விடல. விசாரிச்சா, ஒருத்தன் அப்பத்தான் மதுரை ஸ்டேசன்ல தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்திருக்கான், அந்த வீட்டை மனசுல வச்சிக்கிட்டு! ரயில் வந்து நின்னதும் போலீசு மடக்கிட்டு. அவன் அழுதான் சார், 'ஐயா, நான் இன்னும் முடிவே பண்ணலையே'ன்னு."

"அலாரம் எப்ப நின்னுச்சு?"

"அவன் திரும்பிப் போக டிக்கெட் எடுத்ததும்..."

வீட்டுக்குள் அலாரம் வீறிட்டது. தில்லைவடிவு துள்ளி எழுந்தாள். பாக்கியநாதன் பழக்கத்தில் ஓடத் தொடங்கி, பாதியில் நின்றார்.

நயினார் வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து அப்போதுதான். சத்தத்தை நிறுத்தினார், ஏணியில் ஏறினார், ஹால் சென்சாரின் மூடியைக் கழற்றினார். ஒரு சின்ன பிரஷ்ஷால் உள்ளே மெல்லத் தடவி, பிரஷ்ஷைக் கீழே நீட்டினார். நுனியில் ஒரு சிலந்தி. கொத்தமல்லி விதைகூட அதைவிடப் பெரிது.

"சென்சாரோட கண்ணுக்கு முன்னாலயே கூடு கட்டியிருக்குக்கா. அவ்வளவு பக்கத்துல சிலந்தி நடந்தா சென்சாருக்கு ஆள் மாதிரி தெரியும்."

வலையைத் துடைத்தார். ஒயர் நுழையும் ஓட்டையைப் பசை வைத்து அடைத்தார். மறுபடி அலாரத்தைப் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். வீடு வாய் திறக்கவில்லை. தில்லைவடிவு நீட்டிய சாவியைப் பாக்கியநாதன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பேத்தி பிறந்த பத்தாம் நாள் ஓசூருக்குப் போன் வந்தது. பாக்கியநாதன்தான்.

"வீடு அமைதியா இருக்கு. ஆனா நேத்து நயினார் நாலு பேரைக் கூட்டிட்டு வந்து உங்க கேட்டைக் காட்டிட்டு இருந்தாரு. மூடியைத் திறந்ததும் சிலந்தி ஏணியோட அவரை உள்ள இழுத்துச்சாம். எட்டுக் காலும் எட்டு உலக்கையாம்."

"நீங்க சும்மாவா இருந்தீய?"

பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார். "எட்டுன்னு சொன்னாரா, எனக்குப் பொறுக்கல. குறுக்க விழுந்து, பன்னெண்டு காலு, நானே எண்ணினேன்னுட்டேன்."

தில்லைவடிவு மடியில் தூங்கிய பேத்தியை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"நீங்க சரியா பாக்கல சார். இன்னும் ரெண்டை சோபாவுக்கு அடியில மடக்கி வச்சிருந்துச்சு."