எருமைக்குப் பிடித்துப்போன பாட்டு

நாவல் காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் கோடையில் ஓடைகள் வறண்டன. குட்டைகள் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டன. மிஞ்சியது அந்தக் குளம் மட்டும்தான்.

அதில் மேகக்கொம்பன் என்ற காட்டு எருமை தன் கூட்டத்தோடு படுத்துக் கிடந்தது. விடிந்ததும் இறங்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் கரையேறும். அதற்குள் தண்ணீர் முழுவதும் குழம்பிச் சேறாகிவிடும்; அது தெளிவதற்குள் மறுபடி விடிந்துவிடும். முயலும் கீரியும் மானும் முள்ளம்பன்றியும் அந்தச் சேற்றைத்தான் நக்கிக் குடித்தன.

"கொஞ்சம் நகர்ந்து படுங்களேன்!" என்று கரையில் நின்று கெஞ்சிப் பார்த்தன. எருமை காதை ஒரு தடவை ஆட்டியது. அவ்வளவுதான். அந்தக் கொம்புகளைப் பார்த்தபின் தண்ணீரில் கால்வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கரையோர மரத்தில் குயில்கள் உட்கார்ந்து நாள் முழுவதும் பாடின. "கருமேகம் மண்ணில் இறங்கி வந்ததோ! இளம்பிறை கொம்பாய் வளைந்து நின்றதோ!" என்று இழுத்து இழுத்துப் பாடின. எருமை கண்ணை மூடிக் கேட்டது.

கரடன் என்ற நரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. "தொண்டை வறண்டு சாகிறோம், இதுகளுக்குப் பிறையும் மேகமுமா!" என்று பல்லைக் கடித்தது.

அதற்கு இரண்டு கூட்டாளிகள். ஒன்று, டொக்கு என்ற மரங்கொத்தி. மற்றது, பம்மன் என்ற தேரை. மூன்றுக்கும் பாடத் தெரியாது. நரிக்கு ஊளையிடத் தெரியும். மரங்கொத்திக்குப் பட்டுப்போன பனைமரத்தில் படபடவென்று தட்டத் தெரியும். தேரை அடிவயிற்றிலிருந்து 'கொர்ர்' என்று ஒரே ஒரு சத்தம் போடும். மூன்றும் சேர்ந்து, வறண்ட ஓடையில் நின்றுகொண்டு கத்தின.

"எழும்பு! எழும்பு! எருமையே எழும்பு!
குளமென்ன உன் அப்பன் விரித்த பாயா?
எழும்பு! எழும்பு! தண்ணி விடு!"

முதல் நாள் இரண்டு முயல்கள் கேட்டன. மறுநாள் கீரிகள் வந்தன. அப்புறம் சடைச்சி என்ற முள்ளம்பன்றி தன் குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதித்தன. ஓடையில் புழுதி பறந்தது.

"இது பாட்டா? ராகமே இல்லையே!" என்று குயில்கள் முகம் சுளித்தன.

"தாகத்துக்கு எதுக்கு ராகம்!" என்று கத்தியது நரி. கூட்டம் ஆரவாரம் செய்தது.

நாளாக நாளாக ஓடையில் நிற்க இடமில்லை. குயில்களைக் கேட்க ஆளே இல்லை. குயில் கச்சேரிகளை ஏற்பாடு செய்துவந்த உடும்பு இதைக் கவனித்தது. ஒரு நாள் நெளிந்து நெளிந்து ஓடைக்கே வந்துவிட்டது.

"தம்பிகளா, இனிமேல் நீங்க குளத்தங்கரையில பாடணும்."

"நாங்க அந்த எருமையைத் திட்டிப் பாடறோம். தெரியுமில்ல?" என்றது நரி.

"தெரியாமலா! அதுக்குத்தானே கூட்டம் வருது!"

மரங்கொத்திக்குச் சந்தேகம். ஆனால் நரி சொன்னது: "நல்லதா போச்சு. ஒளிஞ்சு நின்னு கத்தினது போதும். மூஞ்சிக்கு நேரா கத்துவோம். கேட்டா வெக்கப்பட்டு எழுந்திருச்சிடும்."

அன்று சாயங்காலம் காடே குளத்தங்கரையில் கூடிவிட்டது. நரி கரையின் விளிம்பில் நின்று, கொம்பன் முகத்துக்கு நேராகத் தொண்டை கிழியப் பாடியது. குளமென்ன உன் அப்பன் விரித்த பாயா என்ற இடத்தில் காலால் மண்ணை வாரி இறைத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எருமையைப் பார்த்தது.

எருமை மெதுவாகக் கண்ணைத் திறந்தது.

"அருமை!" என்றது. "என்ன வேகம்! என்ன கோபம்! இன்னொரு தடவை பாடுங்க!"

நரிக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரியவரே, பாட்டு உங்களைப் பத்தித்தான்!"

"அதான் இன்னும் பிடிச்சிருக்கு!" என்று எருமை வாலைச் சுழற்றியது. எருமைக் கூட்டம் முழுவதும் படுத்த இடத்திலேயே தலையை ஆட்டியபடி, "எழும்பு! எழும்பு!" என்று கூடவே பாடியது. ஒன்றுகூட எழும்பவில்லை.

நரி வீட்டுக்குப் போய் இன்னும் கடுமையாக ஒரு பாட்டுக் கட்டியது. அதில் எருமையைச் சேற்று மூட்டை என்றது. வெட்கம் கெட்ட தொப்பை என்றது. மறுநாள் அதைப் பாடியது.

"போன பாட்டைவிட இது நல்லா திட்டுது!" என்று எருமை மகிழ்ந்து போனது. ஊற்றுக்கண் பக்கத்தில் தெளிந்த தண்ணீர் தேங்கிய ஒரு சின்னக் குழியைக் காட்டி, "இது இனிமேல் உங்க மூணு பேருக்கும்!" என்றது.

தேரை 'தொப்'பென்று அதில் குதித்துவிட்டது. "அடடா! என்ன குளிர்ச்சி!"

"அடேய் பம்மா, வெளியே வா! எல்லாருக்கும் தண்ணி கேட்கத்தானே வந்தோம்!" என்றது நரி.

"கேட்டுக்கிட்டேதானே இருக்கோம்! நனைஞ்ச தொண்டையோட கேட்டா என்னவாம்?" என்றது தேரை.

அதற்குப் பிறகு நடந்தவை நரியின் பொறுமையை அரைத்து எடுத்தன. குயில்கள் வேண்டுமென்றே தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "எழும்பு!" என்று அலறப் பழகின. அழுக்காகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சேற்றில் புரண்டுவிட்டு வந்து கிளையில் உட்கார்ந்தன. மயில்கூடத் தோகையைப் புழுதியில் இழுத்துக்கொண்டு திரிந்தது. எருமைக்கு வேண்டியவர்களான இவர்களெல்லாம் ஒரு நாளும் தாகத்தில் தவித்ததே இல்லை!

இன்னொரு பக்கம், ஓடைக் காலத்துக் கீரி ஒன்று நரியை வழிமறித்தது.

"நீங்க மாறிட்டீங்க!"

"எங்கே மாறினோம்? அதே பாட்டுதானே பாடறோம்!"

"பாட்டு அதேதான். ஆனா அப்ப நாங்க மட்டும் கேட்டோம். இப்ப எல்லாரும் கேக்கறாங்க. நல்லாவே இல்ல!"

நரி தலையில் அடித்துக்கொண்டது. "சரி, அதை விடு. தண்ணி கேட்டு எருமைகிட்டப் போனீங்களா?"

"நாங்க எதுக்குப் போகணும்? அதான் பாட்டுல கேட்டாச்சே!" என்று சொல்லிவிட்டுக் கீரி போய்விட்டது. அதன் உதடு வெடித்திருந்தது.

நரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தினமும் இத்தனை பேர் வருகிறார்கள். தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மனம் லேசாகி, சேற்றை நக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். எருமைக்கும் சந்தோஷம், இவர்களுக்கும் சந்தோஷம். தண்ணீர் மட்டும் வந்தபாடில்லை.

வெயில் இன்னும் ஏறியது. ஒரு நாள் கச்சேரியின் நடுவில், குதித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் சடைச்சியின் குட்டி மயங்கி விழுந்தது. சுற்றி இருந்தவை அதுவும் ஒரு ஆட்டம் என்று நினைத்து, தாங்களும் விழுந்து புரண்டன.

"குட்டி விழுந்துடுச்சு! தண்ணி! தண்ணி கொடுங்க!" என்று சடைச்சி அலறியது.

"எழும்பு! எழும்பு! தண்ணி விடு!" என்று கூட்டம் உற்சாகமாகப் பதில் பாடியது.

"பாட்டு இல்லடா! நிஜமாவே தண்ணி!" என்று நரி கத்தியது.

"நிஜமாவே தண்ணி!" என்று கூட்டமும் திருப்பிக் கத்தியது. "ஆகா, புது வரி!" என்று எருமை குளத்திலிருந்து பாராட்டியது.

நரி மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியது. தேரை மட்டும் குழிக்குள்ளிருந்து 'கொர்ர்' என்று இரண்டு தடவை போட்டுவிட்டு, அதுவும் அடங்கியது. கூட்டமும் ஆட்டத்தை நிறுத்தியது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று எருமை கேட்டது.

நரி குட்டியை வாயில் கவ்வியது. கரையிலிருந்து இறங்கி, கொம்புகளுக்கு நடுவே நேராகத் தண்ணீருக்குள் நடந்தது. ஊற்றுக்கண் அருகே குட்டியை நனைத்துப் பிடித்தது. குட்டி மூக்கைச் சுருக்கித் தும்மியது. பிறகு குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

நரி கரையைத் திரும்பிப் பார்த்தது. "யாரும் பாடாதீங்க. தயவு செஞ்சு ஒருத்தரும் பாடாதீங்க. இறங்கி வாங்க. அவ்வளவுதான்."

முதலில் சடைச்சி இறங்கியது. குட்டி விழுந்த பதற்றத்தில் அதன் முதுகு முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. அது அப்படியே எருமைகளுக்கு நடுவே புகுந்து போனது.

"ஆ! ஐயோ! யாரது!" என்று ஒரு எருமை துள்ளி எழுந்தது. அதன் பக்கத்து எருமையும் எழுந்தது. சடைச்சிக்குப் பின்னால் மற்ற முள்ளம்பன்றிகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் மான்களும் முயல்களும் கீரிகளும் வந்தன. மேகக்கொம்பன் இடுப்பில் ஒரு முள் ஏறியது. அந்தக் கோடையில் முதல் தடவையாக, பகல் வெளிச்சத்தில், மேகக்கொம்பன் குளத்திலிருந்து எழுந்து கரையேறியது.

அன்று காடு முழுவதும் வயிறு நிறையக் குடித்தது. பிறகு பேச்சு நடந்தது. காலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும்போது எல்லாரும் குடிப்பது என்றும், உச்சிவெயிலுக்குப் பிறகு எருமைகள் இறங்குவது என்றும் முடிவானது. எருமை பெரிதாக மறுக்கவும் இல்லை. இடுப்பில் ஏறிய முள்ளை மரங்கொத்தி அலகால் பிடுங்கியபோது, அது நரியைக் கூப்பிட்டது.

"ஏம்பா, நீங்க நிஜமாவே என்னை எழுந்திருக்கச் சொன்னீங்களா?"

"ஆமா!"

"அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

நரி திரும்பி நடந்து, தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

நம் கோரிக்கைக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது என்பதால், நாம் கேட்டது கிடைத்துவிட்டது என்று ஆகிவிடாது.