முன்பக்கக் கண்ணுக்கு எட்டு லட்சம்

கூத்தம்பட்டியில் விவரமானவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நாற்கரச் சாலைக்கு நிலம் கொடுத்துப் பணம் வாங்கியது திருமேனி, கோட்டைச்சாமி, சங்கையா ஆகிய மூன்று பேர்தான். அவர்களுக்கும் விவரத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

மூவரும் பணத்தைச் சேர்த்துப் போட்டு ஒரு பெரிய கார் வாங்குவது என்று முடிவாயிற்று. மற்ற இருவருக்கும் அது ஆசை, திருமேனிக்கோ அவசியம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அவன் தன் பெண்டாட்டி அழகுநாச்சியை டிராக்டர் டிரெய்லரில், எரு மூட்டை மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். பட்டுப்புடவை மூன்று நாள் நாறியது. நாலாம் நாள் அவள் தாய்வீடு போய்விட்டாள். கதவு வைத்த வண்டியில் வந்து கூப்பிட்டால் வருவதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அண்ணனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் இல்லாத வீட்டில் திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

திங்கட்கிழமை மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. சாதா மாடல் ஐம்பத்திரண்டு லட்சம், டாப் மாடல் அறுபது லட்சம் என்றாள். ஏசி, ஆறு ஏர்பேக், பின்பக்கக் கேமரா எல்லாம் சாதா மாடலிலேயே உண்டு, அதற்குத் தனியாகக் காசில்லை என்றாள்.

சங்கையா எதையும் எண்ணாமல் வாங்குகிற ஆளில்லை. ஆறு ஏர்பேக்கையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னான். வண்டி எதிலாவது மோதினால்தான் அவை வெளியே வரும் என்று அவள் விளக்கினாள்.

"அப்ப ஒரு தடவ மோதிக் காட்டும்மா. நாங்க தேங்காயவே தட்டிப் பாத்துத்தான் வாங்குறது."

மேனேஜரே எழுந்து வந்து, டீ வாங்கிக் கொடுத்து, காரின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் சங்கையா சமாதானமானான்.

அடுத்து கோட்டைச்சாமியின் முறை. மூவரில் அவன்தான் அறிவாளி, அதாவது மற்ற இருவரும் அப்படி நினைத்தார்கள். டாப் மாடலில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டான். முன்பக்கமும் கேமரா இருக்கும், கூரையில் கண்ணாடி திறக்கும் என்றாள். கூரை திறந்தால் மழை உள்ளே வரும், அதற்குப் பணம் வேறு கொடுப்பானேன் என்று கோட்டைச்சாமி தள்ளிவிட்டான். ஆக, மிச்சமிருந்தது முன்பக்கக் கேமரா ஒன்று. ஒற்றைக் கண்ணுக்கு எட்டு லட்சமா என்று மூவரும் மலைத்துப்போய்ச் சாதா மாடலையே வாங்கினார்கள்.

வியாழக்கிழமை ஷோரூம் டிரைவரே காரைக் கொண்டுவந்து திருமேனி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். வெள்ளி காலையில் கிளம்ப வேண்டும். டிராக்டர் ஓட்டிப் பழகியவன் என்பதால் திருமேனிதான் டிரைவர். சீர்வரிசையாக ஒரு பெரிய பலாப்பழத்தைப் பின் சீட்டில் வைத்தார்கள். உடனே கார் பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. பலாப்பழத்துக்குப் பெல்ட் மாட்டியதும் அமைதியாயிற்று. மரியாதை தெரிந்த வண்டி என்று சங்கையா மெச்சினான்.

திருமேனி சாவியைத் திருகும்போது கோட்டைச்சாமி அவன் கையைப் பிடித்தான்.

"மாப்ள, இந்த வண்டிக்குக் கண்ணு பின்னாலதான இருக்கு? கண்ணு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாப் போறதுதான் முறை."

"ஆமா, மாடு என்ன வாலப் பாத்தா நடக்குது?" என்றான் சங்கையா.

திருமேனிக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வந்தது அதிசயந்தான். "டிராக்டருக்கு ரெண்டு பக்கமும் கண்ணில்லையேப்பா. அத நான் முன்னாலதான ஓட்டுறேன்?"

"அது பொறவிலேயே பார்வை இல்லாதது. அத எப்படி வேணா ஓட்டலாம். இது பார்வை உள்ள வண்டி மாப்ள" என்றான் கோட்டைச்சாமி.

திருமேனிக்கும் அது நியாயமாகவே பட்டது. மாமனார் ஊரான ஓடைக்குளம் நாலு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் ரிவர்ஸிலேயே ஓட்டினான் திருமேனி. கார் வழி நெடுகக் கூவிக்கொண்டே போனது. துரத்தி வந்த நாய்கள் எந்தப் பக்கம் குரைப்பது என்று புரியாமல் திரும்பிவிட்டன. எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார். பெரிய கார் என்றால் தனி மரியாதைதான் என்று மூவரும் பூரித்தார்கள்.

மாமனார் வீடு ஒரு நீளமான சந்தின் கோடியில். இரண்டு பக்கமும் அரிசி ஆலையின் மதில். கையில் பையோடு வாசலில் நின்ற அழகுநாச்சி பார்த்தது காரின் முதுகைத்தான். வந்த புருஷன் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறான் என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை பொங்கியது. அண்ணன் கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல் ஓடிவந்து, கதவைத் திறந்து, பலாப்பழத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் திருமேனி மூன்று தடவை ஹாரன் அடித்தான்.

ஆனால் அந்தச் சந்தில் சைக்கிளைத் திருப்புவதே கஷ்டம். வெளியே போக வேண்டுமென்றால் முன்பக்கமாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கமோ கண்ணில்லை. மூவரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். கடைசியில் கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னான். வண்டிக்கு முன்னால் ஒருவர் கண்ணாக நடந்து போக வேண்டும். கூட்டிப்போவது திருமேனியின் பெண்டாட்டி, ஆகவே நடக்க வேண்டியதும் திருமேனிதான்.

"முன்கண்ணு முன்னாலதான் பாக்கணும் மாப்ள. திரும்பிக் கிரும்பிப் பாத்துடாத."

திருமேனி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அவளுக்கு வேர்க்கக் கூடாதே என்று ஏசியை ஓடவிட்டுவிட்டு இறங்கினான். கார் ஓட்டத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

சந்தைக் கடந்தான். ரோட்டைக் கடந்தான். கல்லைக் கண்டால் காலால் தள்ளினான், ஆட்டைக் கண்டால் விரட்டினான். பின்னால் சத்தமே இல்லை. விலை உயர்ந்த வண்டி சத்தம் போடுமா என்ன என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நாலு கிலோமீட்டரும் நடந்து வீட்டுக்கு வந்தான். கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு அப்புறம்தான் திரும்பினான். தெரு வெறிச்சென்று கிடந்தது.

கால் மணி நேரம் பார்த்துவிட்டு அழகுநாச்சிக்கு போன் போட்டான்.

"எங்க புள்ள வந்துக்கிட்டு இருக்கீங்க?"

"தெரியலைங்க. வழி நெடுக ஒரே சுவரா இருக்கு. ஆனா ஒரு குலுக்கல் உண்டா, ஒரு ஆட்டம் உண்டா! வண்டி ஓடுறதே தெரியல."

"அம்பத்திரண்டு லட்சம்னா சும்மாவா?" என்று பக்கத்திலிருந்து கோட்டைச்சாமியின் குரல் கேட்டது.

திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. எருமூட்டை மேல் உட்கார்ந்து போனவளுக்கு இப்படி ஒரு சுகம் கிடைத்திருக்கிறதே.

"சரி புள்ள, நல்லாச் சாஞ்சு உக்காந்துக்க. ரொம்ப வேகமா மட்டும் வராதீங்க" என்று சொல்லிவிட்டு, நாலு பேருக்கு உலை வைக்க உள்ளே போனான்.