மூன்று பாகம் பிரித்த சர்வர்

ஐப்பசி அடைமழை விட்டு, மேலவாகைக்குளத்தில் வெயில் தலைகாட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சகோதரர் மூவர் தம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் சர்வரைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

மூத்தவர் சங்கரபாண்டியன் நெல் வியாபாரி. அடுத்தவர் வைகுண்டம் ஜாதகம் கணிப்பவர். இளையவன் இசக்கிமுத்து கல்யாணப் பத்திரிகை அச்சிடுபவன். அதுவரை மூவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். மணமகள் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஐ.ஆர். இருபது’ என்று நெல் ரகத்தின் பெயர் அச்சாகி, ஒரு கல்யாணம் ஏறக்குறைய நின்றே போனது.

யோசனை சொன்னவள், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அத்தை மகள் உமையாள்.

“மூணு வாங்காதீங்க அத்தான். சின்னப் பெட்டி ஒண்ணு போதும். அதுக்குள்ளேயே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் தனித்தனியா ஓடும். வெர்ச்சுவல் மெஷின்னு பேரு, கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணு கெட்டா அதை மட்டும் எடுத்துடலாம். மத்த ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாது.”

பெட்டியை வைக்க ஒரே ஓர் அறைதான் இருந்தது. அங்கே சங்கரபாண்டியனின் மூன்று மாதக் குழந்தை தொட்டிலில் உறங்கும்.

“இதோட சத்தத்துல பிள்ளை முழிச்சா, அடுத்த பஸ்ஸுல எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்,” என்றாள் அவர் மனைவி பிரமு. அவள் சொன்னதைச் செய்பவள். சென்ற தீபாவளிக்கும் செய்திருந்தாள்.

தை முதல் தேதி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பணம் தருவதாகச் சொன்னதன்பேரில் உமையாள் தன் செலவில் வாங்கி அனுப்பிய பாகங்களை, அவள் போனில் சொல்லச் சொல்லப் பூட்டினார்கள். “பெரிய விசிறியா மெதுவாச் சுத்தினா சத்தம் வராது,” என்றாள். பார்சலில் வந்த விசிறி உள்ளங்கை அகலமே இருந்தது. அதைப் பரணில் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்தபடி முக்காலியில் ஏற்றிச் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தார்கள். அன்று அவர்கள் செய்தவற்றுள் ஓரளவு வேலை செய்தது இது ஒன்றே.

இசக்கிமுத்து பெட்டியில் காதை வைத்தான்.

“சத்தம் கேக்காலே?” என்று வைகுண்டம் கத்தினார்.

“ஒண்ணு கேக்குண்ணே.”

“எப்படிக் கேக்கு?”

“‘சத்தம் கேக்காலே’ங்கு.”

தொட்டில் அசைந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நல்லவேளையாகக் குழந்தை புரண்டு படுத்ததோடு சரி.

அடுத்து, பெட்டிக்குள் யாருடைய கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. தகப்பனார் நிலத்தை எல்லைக்கல் நடாமல் பிரித்துவிட்டு வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் அது. ஆகவே பெட்டியில் சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். கிழக்கு மூத்தவருக்கு, நடு வைகுண்டத்துக்கு, மேற்கு இளையவனுக்கு.

“கரண்டு ஒயர் மேக்காலதான் வருது. என் பாகத்து வழியா உங்க கரண்டு எப்படிப் போகும்?” என்றான் இசக்கிமுத்து.

சங்கரபாண்டியன் யோசித்தார். “ஓரமாப் போகும்லே. உன் இடத்துல நிக்காது.”

இசக்கிமுத்து சம்மதித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனுடைய மெஷின் மட்டும் உறைந்து நின்றது. உமையாளைக் கூப்பிட்டார்கள். அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். “இசக்கி அத்தானோடதை மட்டும் எடுத்துட்டுப் புதுசு போடணும். நான் அப்புறம் பேசுறேன்,” என்று வைத்துவிட்டாள்.

இரும்பு அறுக்கும் ரம்பம் வந்தது. பிள்ளை விழிக்கக் கூடாதே என்று அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்கள்.

“கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துராத. என் பாகத்துல ஒன்பது பேரு ஜாதகம் இருக்கு,” என்றார் வைகுண்டம்.

“கரண்டை நிறுத்தட்டுமாண்ணே?”

“எதுக்குலே? எங்க ரெண்டு பேரோடதும் நல்லாத்தான ஓடுது?”

முக்கால் பாகம் அறுத்தபோது ‘படீர்’ என்றது. இசக்கிமுத்துவுக்கு மீசை கருகியதைத் தவிர வேறு சேதமில்லை. குழந்தை வீறிட்டது. பிரமு பையையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

மிச்சத்தையும் அறுத்து முடித்தார்கள். தொடங்கியதைப் பாதியில் விடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

அந்தி சாய்ந்ததும் வைகுண்டம் பெட்டியில் காதை வைத்தார். முகம் மலர்ந்தது. உடனே பிரமுவைப் போனில் கூப்பிட்டு, போனைப் பெட்டியின்மேல் வைத்தார்கள். அவள் நெடுநேரம் கேட்டாள்.

“சத்தமே இல்லியே!” என்றாள்.

“இடத்தையும் முன்ன மாதிரி அடைக்கல,” என்றார் சங்கரபாண்டியன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளையோடு திரும்பி வந்தாள்.

தை முதல் தேதி, மூத்தவர் இருவரும் தத்தம் மூன்றில் ஒரு பங்குப் பணத்தை உமையாளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பாகத்துக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. இசக்கிமுத்து பணம் அனுப்பவில்லை. அறுத்தெடுத்த துண்டைத் துணியில் பொதிந்து, ‘எடுத்தாச்சு. புதுசு போட்டு அனுப்பவும்’ என்று எழுதிக் கூரியரில் சேர்த்தான். அவன் கட்டாமல் விட்ட கூரியர் கட்டணம் நூற்று இருபது ரூபாயை, தை மூன்றாம் தேதி, உமையாள் தன் கையிலிருந்து கொடுத்துப் பெற்றுக்கொண்டாள்.