முதுகு தொடாத சீடர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முதுகுவலிக்கென்றே பேர்போன வைத்தியசாலை இருந்தது. ஆசானுக்கு வயது நாற்பத்து மூன்று. மூத்த சீடர் தாணப்பனுக்கு ஐம்பத்திரண்டு.

அங்கே ஒரு வழக்கம். ஆசான் தன் கையால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தால்தான் சீடன் நோயாளியின் முதுகைத் தொடலாம். அதுவரை கை, கால் தடவுவதோடு சரி.

தாணப்பன் பதினோரு வருஷமாகக் கால் தடவினார். மூன்றே வருஷம் முன்னால் வந்த வில்சனுக்கு ஆவணியில் கிண்ணம் கிடைத்தது.

அன்றிலிருந்து தாணப்பனுக்கு வயிறு எரிந்தது. "காக்கா பிடிச்சு வாங்கிட்டான்" என்று சமையல்காரியிடம் சொன்னார். பச்சிலை கொண்டுவருகிறவனிடமும் சொன்னார். கேட்க ஆள் கிடைக்காத நேரத்தில் தனக்கே சொல்லிக்கொண்டார்.

மருந்து அரைப்பதும் அவர் வேலைதான். அம்மியின் முன் உட்கார்ந்தால் சிகிச்சை அறை பின்பக்கம் வரும். இடுப்பை முறுக்கித் திரும்பி, வில்சனின் கை எங்கே தப்புகிறது என்று பார்த்துக்கொண்டே அரைப்பார். அது தப்பவே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஐப்பசியில் அவருடைய இடது கால் சுரீரென்று இழுக்க ஆரம்பித்தது. ஆடுசதையில் எண்ணெய் போட்டுப் போட்டுத் தேய்த்தார். குறையவில்லை. கடைசியில் ஆசானிடம் போனார்.

"வில்சன்கிட்ட காட்டும்" என்றார் ஆசான்.

"அவன் கை என்மேல படாது."

ஆசான் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து ஆடுசதையை அமுக்கினார். "வலிக்கா?"

"இல்ல."

காலை மடக்காமல் மெல்ல உயர்த்தினார். பாதி உயரம் போகுமுன் தாணப்பன் அலறிவிட்டார்.

"கால்ல ஒண்ணுமில்ல. இடுப்புல நரம்பு நெரியுது. பெருவிரலத் தூக்கும்."

தூக்கினார்.

"இது தூக்க வரலேன்னாலோ, மூத்திரம் அடைச்சாலோ என்கிட்ட வராதேயும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். சரி, கனமா ஏதும் தூக்கினீரா?"

"அம்மியத்தான் இழுத்தேன். மூணு தடவ."

"எதுக்கு?"

"வில்சன் அத சிகிச்சை அறையப் பாத்துத் திருப்பித் திருப்பி வைக்கான். நான் அம்மி அரைக்கத எல்லாரும் பாத்துச் சிரிக்கணும்லா? நான் பழையபடி இழுத்து வச்சேன்."

ஆசான் வில்சனைக் கூப்பிட்டார். அவன் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தான்.

"அம்மிய எதுக்குடே திருப்பினே?"

வில்சன் தயங்கினான். "அண்ணாச்சி முறுக்கித் திரும்பி இருந்து அரைக்காவ. நான் சொன்னாக் கேக்கமாட்டாவ. பாக்கத்தான போறாவ, நேரா இருந்து பாக்கட்டும்னு நெனச்சேன்."

"உனக்கு இடுப்புக்கு என்ன?"

"நேத்து அம்மிய இழுக்கும்போது பிடிச்சிட்டு, ஆசானே."

தாணப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷத்து ஆற்றாமை வெட்கத்தோடு போய்விடுமா என்ன?

"அதெல்லாம் சரி, ஆசானே. எனக்கு எப்போ முதுகு தருவீரு?"

ஆசான் கோபப்படவில்லை. வில்சனைப் பலகையில் குப்புறப் படுக்கச் சொன்னார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, தாணப்பன் உள்ளங்கையில் வைத்தார்.

தாணப்பன் பலகையைப் பார்த்தார். "இவன் முதுகா?"

"இவன் முதுகுதான்."

"எவ்வளவு அழுத்தணும்?"

"அது உமக்குத் தெரியும். உம்ம கைக்கடியில இவன் பயமில்லாமக் கண்ணசந்து தூங்கினாம்னா, கிண்ணம் உமக்கு."