நாலு பாஷையிலும் காது

“ஆறிடப் போகுது டீச்சர். சீக்கிரம் ஊத்திடுங்க.”

மாசிலாமணி காய்ச்சின எண்ணெயோடு கரண்டியை நீட்டினார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன். தரங்கம்பாடிக் கல்லறைகளில் வெள்ளைக்காரர்கள் என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வாசிக்கும் ஆசையில், ரெபேக்காள் டீச்சரிடம் அவர்கள் பாஷைகளைப் படிக்க வந்தவர்.

“எங்க ஊத்த?”

“காதுல. பூச்சி பூந்துடுச்சு. வால்ல இடுக்கி இருக்குமே, அது. தலையணையில பார்த்தேன். மூணு நாளா உள்ள ஓடுது.”

டீச்சர் டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்குக் காதும் அரண்டிருந்தது.

“அது காதுக்குள்ள போகும்னு யார் சொன்னா?”

“அகராதி. இங்கிலீஷ்ல இயர்விக். ஜெர்மன்ல ஓர்வூர்ம். டச்சுல ஓர்வோர்ம். டேனிஷ்ல ஓரன்ட்விஸ்ட். நாலுலயும் காது இருக்கு டீச்சர். நாலு தேசத்து ஜனம் பொய்யா சொல்லும்?”

“நாலும் ஒரு வீட்டுப் பிள்ளைங்கன்னு நோட்டுல எழுதினீங்களே.”

“எழுதினேன்.”

“உங்க கூடப் பொறந்தவங்க எத்தன பேர்?”

“என்னோட சேர்த்து ஆறு.”

“உங்க தாத்தா எப்படிச் செத்தார்?”

“புளியமரத்துப் பேய் அடிச்சு. ஆறு பேர்ல யாரைக் கேட்டாலும் அதான் சொல்லுவோம்.”

“யார் பார்த்தா?”

“அம்மா சொன்னாங்க.”

“அம்மா பார்த்தாங்களா?”

“அப்போ அம்மா பாட்டி வயித்துல...”

மாசிலாமணி கரண்டியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“ஸ்வீடன்காரன் அந்தப் பூச்சிக்கு என்ன பேர் வச்சான்?”

“ட்வேஷேர்ட். ரெட்டை வால்னு அர்த்தம்.”

“அவன் பூச்சியைப் பார்த்திருக்கான்.”

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. படிப்பெல்லாம் சரி, பயம் போகவில்லையே.

“அப்போ என் காதுக்குள்ள ஓடுறது என்ன டீச்சர்? இப்பவும் கேக்குது.”

டீச்சர் அவருடைய விரல்களைப் பிடித்து, அவர் கழுத்திலேயே, தாடைக்குக் கீழே வைத்தார்.

“எண்ணுங்க.”

மாசிலாமணி எண்ணினார். விரலுக்கடியில் ஒரு துடிப்பு, காதுக்குள் ஒரு ஓட்டம். இரண்டும் ஒன்றாகவே போயின. இருபது வரைக்கும் எண்ணினார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

டீச்சர் கரண்டியை எடுத்து அவர் காதருகே சாய்த்தார்.

“ஊத்தி நிறுத்திடவா?”

“வேணாம் டீச்சர். அது ஓடட்டும்.”